எனக்காக இல்லம்மா

அந்த அக்கா பொய் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவதைப் படித்துவிட்டு அவரை ஒரு பொய்க்காரி என்று என் பிள்ளைகள் நீங்கள் இருவரும் ஒதுக்கிவிடுவீர்கள். பொய்க்காரராக இருந்திருந்தால் யாரும் அவரிடம் ஏமாந்திருக்க மாட்டார்கள். நானும் ஏமாந்திருக்க மாட்டேன்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில்தான் எங்கள் சர்வீஸ் சென்டர். ஒரே கம்பெனியின் கீசர், வாஷிங் மெஷின், மிக்சி, தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் இதெல்லாம் பழுதானால் போய்ப் பார்ப்போம். கம்பெனி பெயர் உங்களுக்கு வேண்டாம். பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்த எனக்கு அது பெரிய வேலை. சட்டையில் கம்பெனி முத்திரை உண்டு. அக்கா அங்கே போனில் பேசுகிறவர். வேலை முடிந்த வீடுகளுக்கும் முடியாத வீடுகளுக்கும் பேசுவார்.

நான் சேர்ந்த முதல் நாளே என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "எத்தனை பிள்ளைங்க தம்பி? பேரு என்ன? நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். பெரியவளுக்கு மூச்சிரைப்பு, பனிக்காலம் வந்தால் தூங்கமாட்டாள், சின்னவன் இன்னும் நடக்க ஆரம்பிக்கவில்லை என்று சொன்னேன். ஒரு நீள நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இவ்வளவு அக்கறையான மனுஷி இருக்கும் இடத்தில் வேலை கிடைத்ததே என்று வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து அந்த நோட்டு எதற்கு என்று தெரிந்தது. செம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு வாஷிங் மெஷின் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அக்கா அந்த வீட்டம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"மேடம், நேத்து வந்தாரே அந்தத் தம்பி, வேலை திருப்தியா? நாலு ஸ்டாரா? ஐயோ மேடம், நாலுன்னா எங்க கம்பெனியில ஃபெயில் மாதிரி. அஞ்சு போட்டாதான் அவருக்கு அடுத்த வேலை வரும். எனக்காக இல்லம்மா. அவருக்குச் சின்னப் பொண்ணு இருக்கு, வீசிங். ராத்திரியெல்லாம் தூங்காதாம். ஆமாம்மா. பாவம்தான். போட்டுட்டீங்களா? நல்லா இருப்பீங்க."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நாலு வாங்கினால் உண்மையிலேயே ஃபெயில்தான். ஸ்டார் குறைந்த மெக்கானிக்குக்குக் கம்ப்யூட்டர் வேலை ஒதுக்காது. பெரியவளுக்கும் உண்மையாகவே மூச்சிரைப்புதான். எனக்கு முகம் சுட்டது. ஆனால் ஐந்து வந்துவிட்டது. அடுத்த நாள் எனக்கு மூன்று வேலை கிடைத்தது.

நீங்கள் இரண்டு பேரும் எழுதப் படிக்கத் தெரியாத வயசிலேயே எனக்கு ஸ்டார் வாங்கிக் கொடுத்தவர்கள். மாடம்பாக்கத்தில் இருந்து மறைமலைநகர் வரைக்கும் எத்தனையோ வீட்டுக்காரர்களுக்கு உங்கள் நோய் தெரியும்.

"எனக்காக இல்லம்மா." அவர் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் இதில்தான் வந்து முடியும். அதுவும் உண்மை. தனக்கென்று அவர் எதையும் கேட்டதில்லை. மத்தியானம் தயிர்சாதம், சாயங்காலம் பஸ், அவ்வளவுதான். தன் வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். உனக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, பாப்பா, லீவு போட்டுவிட்டு இட்லி டப்பாவோடு வந்து ஒரு நாள் முழுக்க உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். உங்கள் அம்மாவைத் தூங்கச் சொல்லிவிட்டு அவரே உனக்கு மூச்சு மருந்துக்கான முகமூடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஆபீசில் போனை எடுத்து, "நேத்து நானே கண்ணால பாத்தேன் சார், அந்தக் குழந்தை மூச்சுக்குத் தவிக்கிறதை" என்று பேசினார். இரண்டையும் செய்தது ஒரே மனுஷிதான். இதில் எது வேஷம் என்று வருஷக்கணக்காக யோசித்துப் பார்த்துவிட்டேன். எதுவும் வேஷம் இல்லை என்றுதான் தோன்றுகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஓடிபி விஷயத்தை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நாளைக்கு நீங்களும் வீடு வைத்துப் பொருள் வாங்குவீர்கள்.

மெஷின் பழுது என்று புகார் கொடுத்தால் ஒரு புகார் எண் தருவார்கள். மெக்கானிக் வந்து சரிசெய்த பிறகு, 'வேலை முடிந்தது' என்று கம்ப்யூட்டரில் அழுத்தினால் வீட்டுக்காரர் போனுக்கு நாலு இலக்க எண் ஒன்று போகும். அவர் அதைச் சொன்னால்தான் புகார் முடிந்ததாகக் கணக்கு. மெக்கானிக் ஏமாற்றிவிடக் கூடாது என்று வாடிக்கையாளர் கையில் கொடுத்த பூட்டு அது. சாவி அவரிடம்தான் இருக்கிறது. அவர் தராமல் யாரும் திறக்க முடியாது.

ஆனால் புகாருக்கு இரண்டு நாள்தான் தவணை. அதற்குள் முடியாவிட்டால் திரையில் சிவப்பாகிவிடும். மேலிடத்தில் இருந்து போன் வரும். உதிரி பாகம் கையில் இல்லாவிட்டால் இரண்டு நாளில் எப்படி முடியும்? அங்கேதான் அக்கா வருவார்.

"சார், பார்ட் வரலைங்கிறது எங்க தப்புதான். நான் ஒத்துக்கறேன். ஆனா கம்ப்ளைண்ட் சிவப்பாச்சுன்னா அந்தத் தம்பி ஐடியைத்தான் பிளாக் பண்ணுவாங்க. எனக்காக இல்ல சார். நம்பரை மட்டும் சொல்லுங்க, உடனே புதுசா இன்னொரு கம்ப்ளைண்ட் நானே போட்டுடறேன்."

சொல்லிவிடுவார்கள். நல்ல மனுஷர்கள் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அக்காவும் சொன்ன மாதிரியே புதுப் புகார் போட்டுவிடுவார். வாக்குத் தவறியதே இல்லை. ஆனால் பழைய புகார் மூடியதும் அதற்காகக் கேட்டிருந்த உதிரி பாகமும் ரத்தாகிவிடும். முடிந்த வேலைக்குப் பாகம் எதற்கு என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். புதுப் புகாருக்கு முதலில் இருந்து கேட்க வேண்டும். மறுபடி இரண்டு நாள். மறுபடி அக்கா.

'வேலை முடிந்தது' என்று என் ஐடியில் அழுத்துவதும் அக்காதான். வாயால் அவர் அப்படிச் சொன்னதில்லை. விரல்தான் சொன்னது.

கூடுவாஞ்சேரியில் ஒரு பெரியவர். பிளாட் போட்டு விற்ற நிலத்தில் தனக்கென்று ஒரு மனை வைத்துக்கொண்டு வீடு கட்டியிருந்தார். அவர் வீட்டு வாஷிங் மெஷின் சுற்றவில்லை. பெல்ட் வர வேண்டும். இரண்டாம் நாள் அக்கா ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். நாங்கள் நாலைந்து மெக்கானிக்குகள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"நம்பரா? மெஷின் சுத்தட்டும்மா. நானே உன் ஆபீசுக்கு வந்து சொல்லிட்டுப் போறேன்."

"எனக்காக இல்ல சார். அந்தத் தம்பிக்கு ரெண்டு பிள்ளைங்க..."

"எனக்கு மூணு கீது. இன்னா இப்போ? பெரியவனுக்கு வயசு முப்பத்தஞ்சு ஆவுது, கல்யாணம் ஆவல. நீ இன்னா, பொண்ணு பாத்துக் குடுக்கப் போறியா?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். அக்காவும் சிரித்தார். அவரிடம் மட்டும் அக்காவால் அந்த நம்பரை வாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் புகார் சிவப்பானது. மேலிடத்தில் இருந்து சத்தம் போட்டார்கள். வேறு சென்டரில் இருந்து ஒரு ஆள் பெல்ட்டை வண்டியில் கொண்டுவந்து கொடுத்தார். அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டேன். பெரியவர் நம்பரைச் சொல்லிவிட்டு எனக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டார். "வேலை நல்லாத்தான் கீது தம்பி. ஒண்ணு எதுக்குன்னா லேட்டா வந்ததுக்கு" என்றார்.

அக்கா கோபப்படவே இல்லை. "பாவம், பெரியவனுக்கு எப்ப ஆகுமோ" என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. சண்டை போடுகிறவன் வீட்டு மெஷின் ஓடுகிறது. இரக்கப்படுகிறவர்கள் வீட்டு மெஷின் அப்படியே கிடக்கிறது. பதிவைப் பார்த்தாலோ தலைகீழ். இரக்கப்பட்டவர் வீட்டில் வேலை முடிந்தது, ஐந்து ஸ்டார். சண்டைக்காரர் வீட்டில் தாமதம், ஒரு ஸ்டார். வெளியில் இருந்து பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்?

அக்காவுக்கு எல்லாம் தெரியும். அவர் வீட்டு மிக்சி பழுதானால் எங்களிடம் தரமாட்டார். தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கடையில் கொடுப்பார். ஏன் அக்கா என்று ஒரு தடவை கேட்டேன்.

"அங்க ஓடிபி கிடையாது தம்பி. ஓடினாத்தான் காசு."

ஃபிரிட்ஜ் வாங்குவதற்கு முன்னால் போனில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஒரு ஸ்டார் போட்டவர்கள் எழுதியதை மட்டும் படித்துக்கொண்டிருந்தார். "அஞ்சு ஸ்டாரை யாருய்யா படிப்பா? அதையெல்லாம் என்ன மாதிரி ஒருத்தி எழுத வெச்சிருப்பா. எத்தனை கம்ப்ளைண்ட் முடிஞ்சுதுன்னு பாக்கக் கூடாது தம்பி. ஒரே வீட்டுல இருந்து ஒரே கம்ப்ளைண்ட் எத்தனை வாட்டி வந்திருக்குன்னு பாக்கணும். அதை எவனும் வெளிய காட்டமாட்டான்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த போனைப் போட்டார். "மேடம், எனக்காக இல்லம்மா..."

ஊரப்பாக்கம் டீச்சர் வீட்டுக்கு நான் போனது ஒரு திங்கள்கிழமை. ஸ்டேஷனில் இருந்து உள்ளே போகிற தெருவில் வாடகை வீடு. டீச்சர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. கணவருக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை. சனிக்கிழமைதான் வருவார். கீசர் அவர் பெயரில் வாங்கியது. அதனால் ஓடிபி, மெசேஜ் எல்லாம் அவர் போனுக்குத்தான் போகும்.

குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று புகார். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரிந்தது. உள்ளே தண்ணீரைச் சுடவைக்கிற கம்பிச்சுருள், அதாவது காயில், வெடித்துத் தண்ணீரில் கரண்ட் இறங்குகிறது. வீட்டில் எர்த்தும் சரியில்லை. பிளக்கைப் பிடுங்கி, கருப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றி வைத்தேன்.

"டீச்சர், காயில் மாத்துற வரைக்கும் இதைத் தொடவே தொடாதீங்க. ஆளையே கொன்னுடும்."

"எப்ப மாத்துவீங்கண்ணா?"

"காயில் ஸ்டாக் இல்ல டீச்சர். ரெண்டு நாள்ல கொண்டாந்துடறேன்."

இரண்டு நாளில் வரவில்லை. அக்கா பேசினார். டீச்சர் ஓசூருக்குப் போன் போட்டு, கணவரிடம் நம்பரைக் கேட்டுச் சொன்னார். ஐந்து ஸ்டாரும் போடச் சொன்னார். அடுத்த தடவையும் அப்படியே நடந்தது. "அந்த அண்ணன் நல்லவர்தான், அவருக்கு எதுவும் ஆகிடக் கூடாது" என்றாராம் டீச்சர். அக்காதான் வந்து சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது தடவை டீச்சர் வகுப்பில் இருந்தார், போன் எடுக்கவில்லை. அக்கா நேராகக் கணவருக்கே போட்டார். பின்னால் மெஷின் சத்தம் எங்களுக்கே கேட்டது. "சார், உங்க கீசர் கம்ப்ளைண்ட்டை க்ளோஸ் பண்ணணும், நம்பர் வந்திருக்கும் பாருங்க. எனக்காக இல்ல சார்..." என்று ஆரம்பித்ததுமே, "சரிம்மா, சரிம்மா, எழுதிக்கோங்க" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, அக்கா கேட்ட ஐந்து ஸ்டாரையும் போட்டுவிட்டார். அவர் போனுக்கு உடனே மெசேஜ் போனது. 'உங்கள் கீசர் வெற்றிகரமாகச் சரிசெய்யப்பட்டது. நன்றி.'

சனிக்கிழமை காலையில் அவர் ஊருக்கு வந்து இறங்கியபோது டீச்சருக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. தொடக் கூடாது என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார்தான். ஆனால் அது சரிசெய்வதற்கு முன்பு சொன்னது. இந்தத் தடவை ஆபீசில் இருந்தே பேசி, மெசேஜும் வந்துவிட்டதே. மெக்கானிக் வந்து முடித்துவிட்டு டேப்பைப் பிரிக்க மறந்துவிட்டான் என்று நினைத்து, அவரே பிரித்துப் பிளக்கைப் போட்டிருக்கிறார்.

விழுந்த சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து மெயினை அணைத்தார். உயிர் தப்பியது. இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல் இன்றுவரை மடங்காது. மெஷின் ஓட்டுகிறவருக்கு விரல் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தென்புறநகரிலேயே அதிக ஸ்டார் வாங்கிய சென்டர் என்று அந்த மாதம் எங்களுக்கு ஒரு கேடயம் வந்தது. கீழே பேக்கரியில் இருந்து கேக் வாங்கி வெட்டினார்கள்.

அக்காவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டீச்சரின் கணவரைப் பார்த்ததும் அக்கா அழுதார். அந்த அழுகையும் உண்மைதான். ஆரஞ்சை உரித்து ஒவ்வொரு சுளையாக அவர் வாயில் கொடுத்தார். டீச்சர் என்னை வெளியே வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"அண்ணா, கம்பெனிக்கு எழுதியிருக்கேன். மூணு தடவையும் சரிபண்ணிட்டதா பதிவு இருக்காம். நீங்க ஒண்ணே ஒண்ணு எழுதிக் குடுங்க. காயில் மாத்தலைன்னு. தொடாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அதை அப்படியே எழுதுங்க. எனக்கு அது போதும்."

"சரி டீச்சர்" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ் வண்டலூரைத் தாண்டியது. அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மூணு தடவையும் உங்க ஐடிதான் தம்பி. நான் பேசினதுக்கு எங்கயும் பதிவு கிடையாது. நீங்க எழுதினா நீங்கதான் மாட்டுவீங்க. எனக்காகச் சொல்லலை. பாப்பாவை நினைச்சுக்கோங்க."

அதுவும் பொய் இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனி ஆள் ஒரு தாளை நீட்டினார். 'நான் சென்று பார்த்தபோது அந்த வீட்டில் எர்த் இணைப்பு சரியாக இல்லை. மின்கசிவுக்கு அது காரணமாக இருக்கலாம். பாதுகாப்பு குறித்து வாடிக்கையாளருக்கு அறிவுறுத்தினேன்.' அவ்வளவுதான் அதில் இருந்தது. காயிலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. படித்துப் பார்த்தேன். எழுதியிருந்ததில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

டீச்சருக்குக் கம்பெனியில் இருந்து பதில் போனது. மூன்று புகார், மூன்றும் தீர்க்கப்பட்டவை, மூன்றுக்கும் வாடிக்கையாளரே எண்ணைச் சொல்லி உறுதி செய்திருக்கிறார், மூன்றுக்கும் ஐந்து ஸ்டார், குறை வீட்டு வயரிங்கில். டீச்சர் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறார். "மூணு தடவையும் உங்க வீட்டுல இருந்தே நம்பர் சொல்லி ஒத்துக்கிட்டிருக்கீங்களேம்மா, நான் எதை வெச்சுப் பேசுவேன்?" என்றாராம் அவர். எனக்கு டீச்சர் இரண்டு தடவை போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

அதன் பிறகு டீச்சர் எங்கள் சென்டர் பெயருக்குக் கீழே இணையத்தில் எல்லாவற்றையும் எழுதினார். ஒரு ஸ்டார். நீளமான பதிவு. தேதி, புகார் எண் எல்லாம் போட்டு எழுதியிருந்தார். ஒரு திட்டுகூட இல்லை. என்னைப் பற்றி, 'வந்த மெக்கானிக் நல்லவர், எச்சரித்தார்' என்றுதான் எழுதியிருந்தார்.

அன்று சாயங்காலம் அக்கா எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். "வீட்டுல எத்தனை போன் இருக்கோ அத்தனையிலயும் ஒவ்வொண்ணு போட்டுடுங்கப்பா. அந்தம்மா எழுதினதை யாரும் அழிக்கச் சொல்லலை. அது பாட்டுக்குக் கீழ போயிடும். எனக்காக இல்ல. சென்டரை மூடிட்டா உங்க பொழப்புதான் போகும்."

என் போனில் போட்டேன். உங்கள் அம்மா போனில் போட்டேன். அப்போது ஆன்லைன் வகுப்புக்காக உனக்கு ஒரு கணக்கு ஆரம்பித்திருந்தோம், பாப்பா. மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். நீ தூங்கிய பிறகு அதிலும் போட்டேன். 'நல்ல சேவை. நம்பிக்கையானவர்கள்.' ஐந்து ஸ்டார். உன் பெயரும், வாயில் பல் இல்லாமல் நீ சிரிக்கிற படமும் பக்கத்திலேயே வந்தது.

டீச்சர் எழுதியது கீழே போய்விட்டது.

ஒரு வருஷத்தில் நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். அக்காவைக் கம்பெனி மேலிடத்துக்கு அழைத்துக்கொண்டது. மற்ற சென்டர்களில் போனில் பேசுகிறவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கிறாராம். ஒரு தடவை தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் எதிரே வந்தார். "பாப்பாவுக்கு வீசிங் எப்படி தம்பி இருக்கு? பனிக்காலம் வருதே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சரியாகிவிட்டது அக்கா என்றேன். கண்ணை மூடிச் சாமியைக் கும்பிட்டார். திட்டலாம் என்று எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ரயில் வருகிறது அக்கா என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

பாப்பா, போன வாரம் நீ ஏதோ டியூஷன் சென்டரைப் பற்றிச் சொல்லி, "நாலு புள்ளி எட்டு ஸ்டார்ப்பா, நிறைய பேர் எழுதியிருக்காங்க" என்றாயே. அன்றைக்கு இரவு எங்கள் பழைய சர்வீஸ் சென்டரின் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். எல்லாம் அப்படியே இருக்கிறது. உன் பல் இல்லாத சிரிப்பும் இருக்கிறது. 'இது உதவியாக இருந்தது' என்று ஆறு பேர் அழுத்தியிருக்கிறார்கள்.

அதை அழித்துவிடு. உன் கணக்கு, உன்னால்தான் முடியும். என்னுடையதை நானே எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என் பெயரிலேயே எழுதினேன்: 'ஊரப்பாக்கம் வீட்டில் கீசர் ஒரு தடவைகூடச் சரிசெய்யப்படவில்லை. காயில் மாற்றப்படவில்லை. போன மெக்கானிக் நான்தான்.' டீச்சருக்கு இனிமேல் இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அவர்கள் அந்த வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. எங்கே என்று தெரியவில்லை.

எழுதி முடித்து அனுப்பப் பார்த்தால் போகவில்லை. ஸ்டார் போடாமல் எழுத்தை மட்டும் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது. எத்தனை என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்று போட்டேன். அது சென்டருக்கு என்று படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.